எடுத்தது போக மிச்சம் எத்தனை?

பிளாட்டினமாம், கோல்டாம், சில்வராம்! நீ கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தயா, கிராஸ்கட் ரோட்டுல நகை எடுக்கப் போயிட்டு வந்தயா அம்மிணி? பளபளன்னு மூணு மடிப்புத் தாளு ஒண்ணு குடுத்து அனுப்பியிருக்கறாங்க. அதுல ஒரு புள்ள கண்ணாடியத் தூக்கி வீசறா. வீசின கண்ணாடி கீழ விழுகாம அந்தரத்துலயே நிக்குது. அவ பல்லு அத்தனையும் தெரியுது. கண்ணு ஆப்பரேசனுக்கு எதுக்கு இத்தனை பல்லுன்னு உன்ற அமுச்சி கேக்கறா. நாயமான கேள்விதான்.

"லேசர் பண்ணிக்கலாமா வேண்டாமா, சொல்லுங்க அப்பிச்சி"ன்னு வந்து நிக்கற. நான் வேண்டாம்னா நாளைக்கே பண்ணிப்போடுவ. பண்ணுன்னா ஆறு மாசம் யோசிப்ப. உன்ற அம்மாளும் இதே ரகம்தான், வளத்தவனுக்குத் தெரியாதா? அதனால ரெண்டும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. கணபதிப் பட்டறையில லேத்து ஓட்டி உங்களையெல்லாம் ஆளாக்கினவன் நான். நீ இப்பப் போறதும் ஒரு லேத்து வேலைக்குத்தான். சக்குல புடிச்ச ஜாப்புல எடுத்தது எடுத்ததுதான். கீழ கெடக்கற சுருளைப் பொறுக்கி மறுபடி ஒட்ட வெக்க முடியாது. எந்த மெசினு, எந்த நாட்டு மெசினுன்னு கேக்கறவன் நேத்து வேலைக்குச் சேந்த பையன். எடுத்தது போக மிச்சம் எத்தனை நிக்கும்னு கேக்கறவன் மேஸ்திரி. இந்தத் தாளுல மெசின் பேரு வரிசையா இருக்குது. மிச்சத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. நானும் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டேன், கழட்டிட்டும் பாத்துட்டேன்.

மொதல்ல உனக்கு என்ன கோளாறுன்னு தெரியுமா? கண்ணு வீக்குன்னு ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியற. வீக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு உருண்டை நீளம், அவ்வளவுதான். ஒரு நல்ல கண்ணு முன்னால இருந்து பின்னால வரைக்கும் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர். அதுல ஒரு மில்லி எச்சாப் போனா ரெண்டரை, மூணு பவர் மைனஸ் பக்கம் போயிரும். உனக்கு வலது 5.5, இடது 6. ஆக, சுமாரா ரெண்டு மில்லி. வெளிச்சம் உள்ளார போயி விழித்திரை மேல கூடோணும். உனக்கு அதுக்கு முன்னாலயே கூடிப்போயிருது. இதைக் கெப்ளருங்கற செருமன் நாட்டுக்காரரு 1604லயே எழுதி வெச்சுட்டாரு. சின்ன வயசுல அம்மை வாத்து அவருக்கே கண்ணு மங்கல். அந்த மங்கல் கண்ணை வெச்சுட்டு மனுசன் கிரகம் ஓடற வழியக் கணக்குப் போட்டாரு. நீ நல்ல கண்ணாடியப் போட்டுட்டுக் காந்திபுரம் பஸ்ஸுன்னு உக்கடம் பஸ்ஸுல ஏறுனவ.

கண்ணாடியக் கழட்டிப்போட்டுப் போனைப் படிச்சுப் பாரு. எவ்வளவு தூரத்துல புடிக்கற? கண்ணுல இருந்து 18 சென்டிமீட்டர். ஒரு சாணுகூட இல்ல. நான் அளந்து சொல்லலை; 100ஐ 5.5ஆல வகுத்துப் பாரு, வரும். பவருங்கறது இந்தக் கணக்குத்தான், வேற மந்திரமில்ல.

இப்ப லேசர் என்ன பண்ணுது? நீண்டு போன உருண்டையச் சுருக்கிப்போடும்னு நீ நெனச்சுட்டு இருப்ப. அந்த வேலையே அதுக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால தெளிவா ஒரு படலம் இருக்குது பாரு, ஆஸ்பத்திரியில கருவிழிங்கறாங்க, கார்னியாங்கறாங்க. வெளிச்சத்தை மடக்கற வேலையில மூணுல ரெண்டு பங்கு அதுதான் பாக்குது. அதோட நடுவுல துளித்துளியாச் செதுக்கிக் கொஞ்சம் தட்டையாக்கிப்போட்டா, வெளிச்சம் ரெண்டு மில்லி தள்ளிக் கூடும். பின்னால இருக்கற நீளம் அப்படியே இருக்கும். இதை மறந்துராத, பொறவு இதுக்கு வர்றேன்.

அந்தக் கருவிழி எத்தனை கனம்? நடுவுல சராசரியா 540 மைக்ரான். பட்டறைக் கணக்குல 21 தவ்வு; ஒரு அங்குலத்தை ஆயிரமாப் பங்கு போட்டா அதுல ஒண்ணுதான் தவ்வு. அரை மில்லி அம்மிணி, அரை மில்லி! அதுக்குள்ளதான் இத்தனை கூத்தும். 6 மில்லி வட்டத்துக்குச் செதுக்கினா ஒரு பவருக்கு 12 மைக்ரான் போகும். 6.5 மில்லி வட்டத்துக்குன்னா 14 போகும். வட்டம் சின்னதா இருந்தா எடுக்கறது கம்மி. ஆனா ராத்திரி இருட்டுல கண்ணுப் பாப்பா விரியறப்ப, செதுக்காத ஓரமும் பார்வைக்குள்ள வந்துரும். எதுத்தாப்புல வர்ற லாரி லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும். வட்டத்தைப் பெருசாக்கினா மிச்சம் கொறையும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை இருக்குது.

உன்ற கணக்கைப் போடலாமா? இடது கண்ணு 6 பவர், பவருக்கு 14, ஆக 84. லாசிக்குங்கற வழின்னா மேல ஒரு மூடி அறுப்பாங்க, அது ஒரு 110. உனக்குக் கருவிழி 540ன்னு வெச்சுக்க. ரெண்டையும் கழிச்சா 346 நிக்கும். தாராளம். இதே, கனம் 490, பவர் 8ன்னு ஒருத்தன் வந்தா? 490ல 110 போச்சு, 112 போச்சு, மிச்சம் 268. 250க்குக் கீழ போகக் கூடாதுங்கறது பழைய சட்டம். விவரமான டாக்டருங்க 300ல கோடு போட்டுக்கறாங்க. மிச்சம் பத்தாமப் போனா, உள்ளார இருக்கற அழுத்தத்துக்குக் கருவிழி தாங்காம முன்னால கூம்பாத் தள்ளிக்கும். அப்ப வர்ற மங்கலுக்கு நீ தூக்கி வீசின கண்ணாடி பத்தாது. நல்ல டாக்டரு அந்த ஆளைப் பாத்து "உங்களுக்கு இது வேண்டாங்க"ன்னு சொல்லி அனுப்பிருவாரு. "வேண்டாம்"னு சொல்லத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி. பட்டறையிலயும் அதேதான், டிராயிங்கைப் பாத்ததுமே "இந்தத் துண்டுல இது வராது"ன்னு சொல்றவன்கிட்டத்தான் வேலை குடுக்கோணும்.

லேத்துன்னு சொன்னா சிரிக்கற. கிழவன் எதைப் பாத்தாலும் லேத்தைக் கொண்டாந்து நிறுத்தறான்னு நெனைக்கற. கேட்டுக்க. தென்னமெரிக்காவுல கொலம்பியா நாடு, பொகோட்டா ஊரு. அங்க ஹொசே பராக்கேருன்னு ஒரு கண்ணு டாக்டரு. கருவிழிய மாத்தினா பவரை மாத்தலாம்னு 1949லயே எழுதினவரு. அப்பறம் அறுபதுகள்ல என்ன பண்ணினாரு தெரியுமா? ஆளோட கருவிழியில மேல ஒரு வட்டத்தைச் சீவி எடுத்து, ஐஸாட்ட உறைய வெச்சு, லேத்துல மாட்டிக் கடைஞ்சு, மறுபடி கொண்டாந்து கண்ணுல தெச்சாரு. நெசமான லேத்து! காண்டாக்ட் லென்சு கடையற லேத்தை மாத்தி வெச்சுட்டாரு. ஜாப்பை இறக்கறதுக்குள்ள உருகிருமேன்னு எனக்கே கேக்கறப்ப வயித்தைக் கலக்குச்சு. இன்னிக்கு நீ போற வித்தைக்கெல்லாம் அவருதான் அப்பாரு.

அதுக்கு முன்னால சப்பான்ல சாட்டோன்னு ஒருத்தரு கருவிழிக்கு உள்பக்கமா இருந்து கோடு கோடாக் கீறிப் பாத்தாரு. அப்போதைக்குப் பார்வை தெளிஞ்சுது. வருசம் போகப் போக எத்தனையோ பேருக்குக் கருவிழி பூத்துப் போச்சு. உள்பக்கம் ஒரு செல்லு வரிசை இருக்குதாம், அது போனா வராதாம். அன்னிக்கு அவருக்கு அது தெரியல. அப்பறம் எழுபதுகள்ல மாஸ்கோவுல பியோதரவ். அவரு வெளிப்பக்கம் கீறினாரு. ஆளுகளைப் படுக்கையில போட்டு வரிசையா நகத்தி, ஒரு டாக்டரு ஒரு வேலை, அடுத்தவரு அடுத்த வேலைன்னு பேக்டரி லைனாவே ஓட்டினாரு. அமெரிக்காவுலயும் அதே கீறலைப் பண்ணி, பத்து வருசம் பொறுத்திருந்து 1994ல கணக்கெடுத்தாங்க. நூத்துக்கு 43 கண்ணு ஒரு பவரோ அதுக்கும் மேலயோ பிளஸ் பக்கம் நகந்து போயிருந்துச்சு. கிட்டப்பார்வையச் சரிபண்ணப் போயி தூரப்பார்வை. இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்தச் சொல்லலை. "லேட்டஸ்ட் டெக்னாலஜி"ன்னு தாளுல போட்டிருக்குது பாரு, அன்னிக்கு அதுவும் லேட்டஸ்ட்டுதான்.

லேசரு வந்த கதைதான் ரவுசு. அதைக் கொண்டாந்தவருல ஒருத்தரு நம்ம மெட்ராஸ்காரரு. ரங்கசாமி சீனிவாசன், 1929ல பொறந்தவரு. மெட்ராஸ் யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி படிச்சுப்போட்டு அமெரிக்கா போயி, ஐபிஎம் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துல சேந்தாரு. அங்க எக்சைமர் லேசருன்னு ஒண்ணு. 193 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிரு. பிளாஸ்டிக்கைச் சுத்தமாச் செதுக்குது. உசுருள்ளதைச் செதுக்குமான்னு ஒரு கேள்வி. 1981 நவம்பர்ல அவுங்க ஊரு பண்டிகை, ஊட்டுக்கு ஊடு வான்கோழி. நம்மூர்ல கறி மிஞ்சினா அடுத்த நாள் இட்லிக்குத் தொட்டுக்குவோம். அவரு மிஞ்சின வான்கோழிய லேபுக்குக் கொண்டுட்டுப் போயிட்டாரு! ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம்னு கூட ரெண்டு பேரு. பச்சை லேசரை விட்டா எலும்பும் தசையும் கருகிப்போகுது. இந்த எக்சைமரை விட்டா ஓரம் கருகாம, வெட்டினது வெட்டினபடி நிக்குது. சூட்டுல எரிக்கறதில்ல அது; அணுவும் அணுவும் புடிச்சிருக்கற புடியவே அத்து விட்டுருது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் போகும். என்ற காலத்துல ஒரு தவ்வு புடிச்சாலே முதலாளி டீ வாங்கித் தருவாரு. ஒரு தவ்வுங்கறது 25 மைக்ரான்! அப்பறம் டிரோக்கல்னு ஒரு கண்ணு டாக்டரு சேந்து 1983ல கருவிழியில எப்படின்னு எழுதினாங்க. சீனிவாசனுக்கும் கூட இருந்த ரெண்டு பேருக்கும் 2013ல ஒபாமா கையால மெடல். நீ அமெரிக்க மெசினுன்னு வாயப் பொளக்கறயே, அதுக்குள்ள ஒரு மெட்ராஸ் மூளையும் ஓடுது, தெரிஞ்சுக்க.

சரி, உன்ற தாளுக்கு வர்றேன். ஏழெட்டுப் பேரு இருந்தாலும் வழி நாலுதான்.

பழைய வழி பிஆர்கே. மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்துப்போட்டு, அதுக்குக் கீழ லேசரு. மூடியும் இல்ல, அறுப்பும் இல்ல. தோலு நாலஞ்சு நாளுல தானா வளந்துரும். அதுவரைக்கும் கட்டுக்குப் பதிலா ஒரு லென்சு போட்டு விடுவாங்க. ஆனா ரெண்டு மூணு நாளைக்குக் கண்ணுல மொளகாப் பொடிதான். நீ வெங்காயம் அரியறதுக்கே அமுச்சியக் கூப்பிடறவ. பார்வை முழுசாத் தெளியறதுக்கு வாரக்கணக்கு ஆகும், சிலருக்கு மாசக்கணக்கும் ஆகும். வெயில்ல திரிஞ்சா லேசாப் பூக்கவும் கூடும், அதனால கூலிங் கிளாசு. கருவிழி மெல்லிசா இருக்கறவங்களுக்கும், கபடி ஆடறவங்க, மூஞ்சியில குத்து வாங்கற வேலைக்காரங்களுக்கும் இதைச் சொல்லுவாங்க. சுரண்டறதையும் லேசரே பண்ணிச்சுன்னா அதுக்குத் தனிப் பேரு, தனி ரேட்டு.

அடுத்தது லாசிக். 1990 வாக்குல கிரீஸ் நாட்டுல பாலிகாரிஸ்ங்கற டாக்டரு கொண்டாந்தது. கருவிழி மேல மூடியா அறுத்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்க விட்டுத் தூக்கி, உள்ளார செதுக்கி, மறுபடி மூடிருவாங்க. முன்னால பிளேடுல அறுத்தாங்க, இப்ப அதுக்கும் ஒரு லேசரு. அதைத்தான் "பிளேடு இல்லா"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறாங்க. பிளேடு இல்ல, சரி, அறுப்பு இருக்குதில்ல? ராவோட ராவாப் பார்வை வந்துரும், வலியும் கம்மி, அதனாலதான் ஊரே அங்க ஓடுது. ஆனா அந்த மூடி மறுபடி பழைய புடிப்போட ஒட்டறதே இல்ல. ஓரம் ஆறும். வருசங் கழிச்சும் டாக்டருங்க அதே மூடியத் தூக்கி ரெண்டாந்தரம் செதுக்கறாங்கன்னா பாத்துக்க. அறுக்கறப்ப நரம்பும் போறதுனால கண்ணு காஞ்சு போகும். மாசக்கணக்குல சொட்டு விட்டுட்டே இருக்கோணும். பெரும்பாலும் சரியாயிரும்; சில பேருக்கு அது தங்கிப் போயிரும். நீ நாள் முழுக்க ஏசி ரூம்ல கம்ப்யூட்டரை மொறைச்சுட்டு, கண்ணைச் சிமிட்டவே காசு கேக்கறவ. கண்ணுல ஒரு காகிதத் துண்டைச் சொருகி எத்தனை ஈரம் ஊறுதுன்னு பாப்பாங்க, அந்த டெஸ்ட்டை விட்டுராத.

மூணாவது ஸ்மைல். அந்தப் பல்லுக்காரி இதுக்குத்தான் சிரிக்கறாளோ என்னவோ. மூடி கெடையாது. கருவிழிக்கு நடுவுல லேசரு ஒரு வில்லையாட்ட வெட்டிருது; ஓரத்துல ரெண்டுல இருந்து நாலு மில்லிக்கு ஒரு கீறல் போட்டு, அது வழியா அந்த வில்லைய உருவி எடுத்துருவாங்க. செருமனியில ஆரம்பிச்சது; அமெரிக்காவுல 2016லதான் சரின்னாங்க. காய்ச்சல் கொஞ்சம் கம்மி; கண்ணு காயறதைச் சொல்றேன். மூடி நகந்து போற பயமில்ல. ஆனா பவர் கொஞ்சம் மிச்சம் நின்னுபோனா, அதே வழியில மறுபடி உள்ளார போறது லேசில்ல. பெரும்பாலும் மேல இருந்து பிஆர்கேதான் பண்ணோணும்.

நாலாவது லேசரே இல்ல. ஐசிஎல். கண்ணுக்குள்ளார, பாப்பாவுக்குப் பின்னால, ஒரு மெல்லிசு லென்சை வெச்சு விட்டுருவாங்க. கருவிழியில ஒரு மைக்ரான் எடுக்கறதில்ல. பட்டறைக்காரன் மனசுக்கு இது புடிக்குது; வேண்டாம்னா வெளிய எடுத்துரலாம். எட்டு, பத்து, பன்னெண்டுன்னு பவர் இருக்கறவங்களுக்கும் கருவிழி பத்தாதவங்களுக்கும் இதைத்தான் காட்டுவாங்க. ஆனா கண்ணுக்குள்ளார போற ஆப்பரேசன், வெளிய செதுக்கறதில்ல. உள்ள எடம் இருக்கோணும். கிருமி போச்சுன்னா பெரிய வம்பு, அழுத்தம் ஏறலாம், சீக்கிரமே பொரை விழுகலாம். காசும் எச்சு. உன்ற ஆறு பவருக்கு, கருவிழி நல்லா இருந்தா, இது தேவைப்படாது.

நடுத்தரப் பவருக்கு மொத மூணுல எது பண்ணினாலும் ஒரு வருசம் கழிச்சுப் பாத்தாப் பார்வை ஏறக்கொறைய ஒண்ணுதான். வழியிலதான் வித்தியாசம். அதனால மெசினுக்காகச் சண்டை போடாத. அளவுக்காகச் சண்டை போடு.

அளவுன்னதும் ஞாபகம் வருது. உன்ற காண்டாக்ட் லென்சைக் கழட்டி வெச்சுப்போட்டுத்தான அளவு எடுக்கப் போன? கல்யாண ஊட்டுக்கு அதைப் போட்டுட்டுப் போயிட்டு, அடுத்த நாளே டெஸ்ட்டுக்கு நின்னிருப்ப. ஜாப்பு சூடா இருக்கறப்ப மைக்ரோமீட்டரை வெச்சா தப்பான அளவுதான் காட்டும். லென்சு கருவிழிய அமுத்தி வெச்சிருக்கும். மெத்து லென்சுன்னா ஒண்ணு ரெண்டு வாரம், கெட்டி லென்சுன்னா மூணு நாலு வாரம் போடாம இருந்துட்டுப் போயி அளக்கோணும். போன வருச சீட்டையும் இந்த வருச சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு, பவர் நின்னுருச்சான்னு. இன்னும் ஏறிட்டே இருக்கறப்பச் செதுக்கினா, செதுக்கினதுக்கு மேல ஏறும். பதினெட்டு வயசாச்சு, பர்த்டே கிப்டுன்னு பண்ணிட்டு வந்த ஒரு பையன், இருபத்திரண்டுல மறுபடி கண்ணாடிக் கடையில நின்னான். ஊரு பேரெல்லாம் எதுக்கு.

இன்னொண்ணு. சின்னதுல இருந்து நீ கண்ணைக் கசக்கற, நானும் அடிச்சுச் சொல்லிட்டேன். அலர்ஜின்னு கசக்கிக் கசக்கிச் சிலருக்குக் கருவிழி தானாவே கூம்பிட்டு வரும்; கெரடோகோனஸ்ங்கறாங்க. ஆரம்பத்துல ஆருக்கும் தெரியாது, கண்ணாடி மாத்திட்டே இருப்பாங்க. அந்தக் கண்ணுல போயிச் செதுக்கினா அம்போதான். கலர் கலரா மேப்புப் போட்டுக் குடுக்கற டெஸ்ட்டு இருக்குது பாரு, அது அதுக்குத்தான். அதைப் பாக்காம தேதி குடுக்கற எடத்துல செருப்பை மாட்டிட்டுக் கெளம்பிரு.

அப்பறம், "டாக்டரே கண்ணாடி போட்டிருக்காரே, அவரு ஏன் பண்ணிக்கலை"ன்னு தெக்காலத் தோட்டத்து மாமன் கேட்டாரில்ல, பெரிய மேதாவியாட்ட? அந்த நாயத்தைக் கணக்குல சேக்காத. டாக்டருக்கு நாப்பத்தஞ்சு வயசு. அது வாசிக்கற கண்ணாடி. இதுதான் இந்தத் தாளுல இல்லாத இன்னொரு விசயம். நாப்பதைத் தாண்டினா கண்ணுக்குள்ள இருக்கற லென்சு கெட்டியாயிரும். கிட்டத்துல இருக்கறது மங்கும். அது ஊருக்கெல்லாம் வர்றது, இந்த லேசரு அதைத் தடுக்காது. எனக்கு மைனஸ் 2.5. கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் பேப்பரு படிக்கறேன், தெரியுமாக்கும்? உன்ற அமுச்சிக்குத் தூரம் நல்லாத் தெரியும். ஆனா கல்யாணப் பத்திரிகை வந்தா எங்கிட்டத்தான் நீட்டுவா. அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டு நிக்கறது அது ஒண்ணுக்குத்தான். நீ ஆறையும் சுத்தமா எடுத்துப்போட்டேன்னா, நாப்பத்திரண்டுல நீயும் அமுச்சி கட்சி. பதினெட்டு வருசம் கண்ணாடி இல்லாம இருக்கறதுக்கு அது பெரிய நஷ்டமில்ல, நான் ஒத்துக்கறேன். தெரிஞ்சு போ, அவ்வளவுதான்.

நீளம் அப்படியே இருக்கும்னு சொன்னனில்ல? கண்ணாடி போனதும் நோயே போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. உருண்டை நீண்டிருந்தா உள்ளார விழித்திரையும் இழுபட்டு மெலிஞ்சுதான் இருக்கும். பண்ணறதுக்கு முன்னால பாப்பாவ விரிய வெச்சு ஓரம் வரைக்கும் பாக்கச் சொல்லு. பண்ணினதுக்கு அப்பறமும் வருசத்துக்கு ஒருக்கா அதே. திடீர்னு மின்னல் வெட்டினா, கறுப்புப் புள்ளி கும்பலா ஓடினா, ஒரு பக்கம் திரை எறங்கினா, அன்னிக்கே ஓடோணும். பொழுதோட பாத்துக்கலாம்னு இருந்துராத. இன்னொரு சங்கதி. கருவிழி மெலிஞ்சதுக்கு அப்பறம் கண்ணு அழுத்தத்தை அளந்தா, நெசத்தை விடக் கம்மியாத்தான் காட்டும். அறுவது வயசுல உனக்குப் பொரை எடுக்கறப்பவும் லென்சு கணக்கு இடிக்கும். அதனால இப்ப எடுக்கற அளவுச் சீட்டு அத்தனையும், செதுக்கறதுக்கு முந்தினது பிந்தினது ரெண்டும், பத்திரமா வெச்சுக்கோணும். போன்ல போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லாத. உன்ற போன் போன மாசம் கிணத்துல விழுந்துது.

உன்ற அம்மா அவசரப்படறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பல்லடத்து எடம். "புள்ளைக்குக் கண்ணாடி இல்லைதானே"ன்னு தரகன் மூலமாக் கேட்டு விட்டாங்களாமா. அந்த மாப்பிள்ளைப் பையன் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நிமிசத்துக்கு ஒருக்கா கண்ணைச் சிமிட்டிட்டே இருந்தான். வெக்கம்னு நீங்க எல்லாம் நெனச்சீங்க. எனக்குத் தெரியும், உள்ள லென்சு. அவனுக்கும் மைனஸு, உனக்கும் மைனஸு. லேசரு கருவிழியத்தான் செதுக்கும், வம்சத்தைச் செதுக்காது. பொறக்கற கொழந்தைக்கு நீளக் கண்ணு வர்ற வாய்ப்பு அப்படியே இருக்கும். அதுக்கு இருக்கறதுல சுலபமான வழி, கொழந்தைய வெளிய வெளிச்சத்துல வெளையாட விடறது. கண்ணாடி மறைச்சுக் கல்யாணம் பண்ணோணும்னா எனக்கு அதுல இஷ்டமில்ல. உனக்கே வேணும்னா, தாராளமாப் பண்ணிக்க. கர்ப்பமா இருக்கறப்பவும் பால் குடுக்கறப்பவும் பவர் ஆடும், கண்ணு காயும், அப்பப் பண்ண மாட்டாங்க. அதனால முன்னால பண்ணறது நாயம்தான். ஒண்ணு மட்டும் யோசிச்சுக்க. கண்ணு தெளிவானா ஆபத்து உனக்கில்ல, மாப்பிள்ளைக்குத்தான். ரொம்பத் தெளிவாத் தெரியும்.

இன்சூரன்சுல வாங்கிக்கலாம்னு உன்ற அப்பன் கணக்குப் போடறான். ஒண்ணும் நடக்காது. நம்ம நாட்டு மெடிக்கல் பாலிசியில பொதுவாப் போட்டிருக்கற விதி, 7.5 பவருக்குக் கீழ இருந்தா கண்ணாடிப் பவரைச் சரிபண்ணற செலவு கெடையாது. நீ ஆறோட நின்னுட்ட. படிக்கற காலத்துல போனை இன்னும் கொஞ்சம் பாத்திருந்தீன்னா காசு மிச்சமாயிருக்கும்.

பண்ணற அன்னிக்குப் பயப்படாத. மயக்க ஊசியெல்லாம் இல்ல, சொட்டுதான். இமைய மூடாதபடி கிளிப்பு மாட்டுவாங்க. லாசிக்குன்னா கண்ணை உறிஞ்சிப் புடிக்கறப்ப கொஞ்ச நேரம் இருண்டு போகும். வெளக்கு அணைஞ்சுதுன்னு கத்தாத. முடி கருகற நாத்தம் வரும், அது நாத்தம்தான், கண்ணு வேகலை. மினுக்கற வெளக்கையே பாருன்னா அதையே பாரு. கண்ணு ஆடினா மெசினு தொரத்திப் புடிக்கும், ரொம்ப ஆடினா நின்னுக்கும். ரெண்டு கண்ணும் கால் மணி நேரம், அரை மணி நேரத்துல முடிஞ்சுரும். அப்பறம் ஊட்டுக்கு வந்து தூங்கு. கசக்காத, மை போடாத, தலைக்கு ஊத்திக்காத, கிணத்துல குதிக்காத, அமுச்சி மொளகா வறுக்கறப்ப அடுப்படிக்குப் போகாத. கடைசியா சொன்னதைத்தான் நீ ஒழுங்காக் கடைப்பிடிப்ப.

வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுன்னியே, ஸ்கூட்டியில போகாத. சொட்டு விட்டாப் பாப்பா விரிஞ்சு, திரும்பி வர்றப்ப ரோடே தெரியாது. பஸ்ஸுல போ, போர்டைப் படிச்சு ஏறு. உள்ளார போனதும் மூணு கேள்வி. என்ற கருவிழி எத்தனை மைக்ரான்? எத்தனை எடுப்பீங்க? எடுத்தது போக எத்தனை நிக்கும்? மூணையும் எழுதி வாங்கிட்டு வா. கோல்டு, பிளாட்டினம்னு அந்தப் புள்ள ஆரம்பிச்சா, தலைய ஆட்டிக் கேட்டுக்க, பாவம், அதுக்கும் சம்பளம் வரோணும். ஆனா கையெழுத்துப் போடாம வந்துரு. இந்தக் கேள்வியெல்லாம் ஆரு கேக்கச் சொன்னாங்கன்னு கேட்டாங்கன்னா மட்டும் என்ற பேரைச் சொல்லீராத. உன்ற சின்ன மாமனைக் கூட்டிட்டுப் போனப்ப நான் ஒவ்வொண்ணாக் கேக்கக் கேக்க, "பெரியவரைக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க"ன்னு சொல்லிப்போட்டாங்க.